இருப்புப்பாதைத் தொழிலாளரின் பேச்சு

செஞ்சிக்கு மூன்று மலைக்கோட்டைகள் உண்டு. புகைவண்டி நிலையம் இல்லை. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய அம்மூன்று குன்றுகளையும் காண வருவோர் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ வண்டியை விட்டிறங்கிப் பேருந்தில் ஏறித்தான் வந்து சேரவேண்டும். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அப்பொழுதும் எங்களூருக்கு வண்டி வந்தபாடில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் நீளத்தில் புதுப்பாதை போடுவதென்று இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே முடிவாயிற்று. அதைப்பற்றிக் கேட்டால் எங்களூர்ப் பெரியவர்கள் இராசகிரியைச் சுட்டிக்காட்டி, "அதைக் கட்டி முடிக்க எத்தனை அரசர்கள் ஆனார்கள்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

வண்டி வராத ஊராயினும், இருப்புப்பாதை வேலைக்கு ஆள் போகாத ஊரன்று. என்னிடம் பயின்ற மாணவர் பலருடைய தந்தையர் பாதை வேலைக்காரர்களாகவும், வாயிற்காவலர்களாகவும், நிலையத்துப் பணியாளர்களாகவும் இருந்தார்கள். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலும் அதற்குப் பின்னரும் விழுப்புரம் சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருந்த மணிகள் ஏராளம். அங்கே என் காதில் விழுந்த பேச்சையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தொழிலாளர் கூடிப் பேசுவதை வெட்டிப் பேச்சென்று தள்ளிவிடுவோர் உண்டு. இருப்புப்பாதையைப் பொறுத்தமட்டில் அப்படித் தள்ளிவிட முடியாது.

விழுப்புரம் ஐந்து திசைகளுக்கு வழி பிரியும் இடம். சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என ஐந்து பாதைகள் அங்குக் கூடுகின்றன. 1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் பாதையில் மின்வண்டி ஓடத் தொடங்கியது. அதனால் சென்னையிலிருந்து வரும் மின்னியந்திரம் விழுப்புரத்தில் கழற்றப்பட்டு, தெற்கே செல்ல நீராவி இயந்திரமோ டீசல் இயந்திரமோ பூட்டப்படும். இருவகை ஓட்டுநரும் ஒரே தேநீர்க் கடையில் சந்திப்பார்கள். மின்னியந்திரக்காரர் சட்டை வெளுப்பாக இருக்கும். நீராவிக்காரர் முகத்தில் கண் மட்டுமே வெளுப்பாக இருக்கும். "எங்களுடையது விசையைத் தட்டினால் போகும் வண்டி" என்று ஒருவர் சொன்னால், "எங்களுடையது உயிருள்ள வண்டி, தீனி போட்டால்தான் போகும்" என்று மற்றவர் விடை கொடுப்பார். தீனி என்பது நிலக்கரி. ஓட்டுநர் ஒருவர், கரி அள்ளிப் போடும் பயர்மேன் இருவர் என மூவர் சேர்ந்தால்தான் அவ்வியந்திரம் நகரும்.

அந்த இயந்திரங்களில் ஒய்.பி., ஒய்.ஜி. என்னும் எழுத்துகள் பொறித்திருக்கும். ஒய் என்பது மீட்டர் பாதையையும், பி என்பது பயணிகள் வண்டியையும், ஜி என்பது சரக்கு வண்டியையும் குறிக்கும். இதனை எனக்குச் சொல்லித் தந்தது எந்தப் புத்தகமும் அன்று. கரி படிந்த கையில் தேநீர்க் குவளையோடு நின்ற ஒரு பயர்மேன்தான்.

இயந்திரத்தினுள் இருப்போர் பேசிக்கொள்ளும் பேச்சு இன்னொரு வகை. கைகாட்டி மரம் கண்ணில் பட்டதும் ஓட்டுநரும் துணையாளரும் அதன் நிலையை வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும் என்பது விதி. ஒருவர் கண் தவறினாலும் மற்றவர் வாய் எழுப்பிவிடும். நீராவிக் காலத்துக் கைகாட்டி மரங்கள் போய் வண்ண விளக்குகள் வந்த பின்னரும் இவ்விதி போகவில்லை. இன்றும் இரவு மூன்று மணிக்கு, நீங்கள் படுக்கையில் உறங்கிக்கொண்டிருக்கையில், முன்னால் இருவர் பச்சை, மஞ்சள் என்று சொல்லிக்கொண்டே உங்களை ஊர் சேர்க்கிறார்கள்.

நிலைய அதிகாரிக்கும் வாயிற்காவலருக்கும் நடக்கும் தொலைபேசிப் பேச்சும் கேட்கத்தக்கது. வண்டி வரப்போகிறது, வாயிலை அடை என்று அதிகாரி சொல்வார். அடைத்துவிட்டேன் என்று மட்டும் காவலர் சொன்னால் போதாது; தம்மிடமுள்ள தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். அவ்வெண்கள் வரிசையாக இரா. ஒன்றைச் சொன்னதும் அதனை அடித்துவிட வேண்டும். அதிகாரி அதனைத் தம் ஏட்டில் குறித்துக்கொள்வார். அரைத் தூக்கத்தில் ஆம் என்று சொல்லிவிடலாம். அரைத் தூக்கத்தில் சரியான எண்ணைச் சொல்ல இயலாது. எத்தனை எளிய ஏற்பாடு பாருங்கள்!

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் காத்ததும் இத்தகைய ஏற்பாடே. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி உண்டு. அடுத்த நிலையத்தார் இசைந்தாலன்றி இந்நிலையத்துப் பெட்டி தன்னுள் இருக்கும் இரும்புக் குண்டை வெளியே விடாது. ஒரு குண்டு வெளியே வந்துவிட்டால், அது மறுமுனைப் பெட்டியில் போடப்படும்வரை வேறு குண்டு வராது. அக்குண்டைத் தோற்பையிலிட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியின் ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். நிலையத்துப் பணியாளர் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க, ஓட்டுநர் தோளை வெளியே நீட்டி அதனை அள்ளிக்கொண்டு போகும் காட்சிக்காகவே நடைமேடையில் சிறுவர் கூடி நிற்பர்.

இனிப் பாதை வேலைக்காரரிடம் வருவோம். அவர்களைப் பயணிகள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்ப்பதற்குள் வண்டி கடந்துவிடுகிறது. கீமேன் எனப்படுபவர் ஒரு கையில் நீண்ட சுத்தியும், தோளில் முடுக்கியும், இடுப்பில் சிவப்பு, பச்சைக் கொடிகளும் கொண்டு நாள்தோறும் தம் எல்லைக்குட்பட்ட ஏறத்தாழ 6 கிலோமீட்டர்ப் பாதையை நடந்து பார்ப்பவர். என் மாணவன் ஒருவனுடைய தந்தை அவ்வேலையில் இருந்தார். ஒரு நாள் அவரிடம், "எல்லாம் ஒரே இரும்பாக இருக்கிறதே, எதைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பீர்கள்?" என்று கேட்டேன். "பார்க்கிறது பாதி, கேட்கிறது பாதி ஐயா" என்றார். இறுகிய ஆணியைத் தட்டினால் ஓர் ஓசை, தளர்ந்ததைத் தட்டினால் வேறோர் ஓசை. பானை வாங்கும் பெண்கள் சுண்டிப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான் என்றும் சொன்னார்.

வெயில் காலத்தைப்பற்றி அவர் சொன்னதை நான் மறுநாள் வகுப்பில் கணக்காகவே போட்டேன். எஃகு ஒரு பாகை வெப்பம் ஏறினால், ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குக்குச் சற்று மிகையாக நீளும். விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே தண்டவாளத்தின் வெப்பம் 30 பாகை ஏறுவதாகக் கொண்டால், 12 மீட்டர்த் தண்டவாளம் ஒன்று சுமார் 4 மில்லிமீட்டர் நீள்கிறது. மிகச் சிறிது என்று நினைக்கவேண்டா. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூட்டினால் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ முக்கால் முழம். அந்நீட்சிக்கு இடம் விடாவிட்டால் தண்டவாளம் பாம்புபோல் நெளிந்துவிடும். ஆகவேதான் அக்காலத்தில் இணைப்புதோறும் இடைவெளி விட்டார்கள். ஆகவேதான் சித்திரை வெயிலில் நாம் நிழல் தேடும் வேளையில் அவர் பாதையில் நடந்தார்.

மழைக்காலத்து நடை இன்னும் கடினமானது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன், சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கு அப்பால் மருதையாற்றுப் பாலத்தருகே கவிழ்ந்தது. பெருமழை வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துச் சென்றிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த இலால் பகதூர் சாத்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அமைச்சர் விலகியதை எல்லாப் பாடநூல்களும் சொல்லுகின்றன. ஆனால் பாதை வேலைக்காரர் நடுவே அரியலூர் என்று சொன்னால், அவர்கள் நினைவுக்கு வருவது வேறு: கையில் விளக்கோடு இரவு முழுதும் மழையில் நடக்கும் காவல். பழுது கண்டால் காவலர் இருந்த இடத்தில் நின்று கூவுவதில் பயனில்லை. மீட்டர் பாதையாயின் 400 மீட்டர் தொலைவில் ஒரு வெடியையும், 800 மீட்டர் தொலைவில் பத்துப் பத்து மீட்டர் விட்டு மூன்று வெடிகளையும் தண்டவாளத்தின்மேல் கட்டவேண்டும். அகலப்பாதையாயின் அத்தொலைவுகள் 600 மீட்டரும் 1,200 மீட்டருமாம். சக்கரம் ஏறியதும் வெடிக்கும்; ஓசை கேட்ட ஓட்டுநர் நிறுத்துவார். இருளில், மழையில், எதிரே வண்டி வரும் திசை நோக்கி, சரளைக்கல்லின்மேல் 1,200 மீட்டர் ஓடிப் பாருங்கள். அப்பொழுது அந்த விதியின் பொருள் விளங்கும்.

இவர்களுடைய பேச்சில் மிகுதியாக வரும் சொல் எது தெரியுமா? வண்டி என்பதன்று, தூக்கம் என்பதே. ஓட்டுநர் எந்நேரம் வீட்டிலிருந்து அழைக்கப்படுவார், எந்நேரம் திரும்புவார் என்பது அவர் மனைவிக்கும் தெரியாது. வெளியூரில் ஓய்வறையில் படுத்திருக்கும்போது மகன் எந்த வகுப்பிலிருக்கிறான் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொல்லுவார். வேலை நேரத்துக்கு எல்லை வேண்டும் என்னும் கோரிக்கை திடீரென்று முளைத்ததன்று. நாகப்பட்டினத்துப் பட்டறையைத் திருச்சியருகே பொன்மலைக்கு மாற்றிய காலத்தில், ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் தென்னிந்திய இரயில்வேயில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் அதன் காரணமாகச் சிறை சென்றார். 1946 செப்டம்பரில் பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 1974ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை நாடெங்கும் நடந்த வேலைநிறுத்தத்தில், ஓட்டுநர்க்கு எட்டு மணி நேர வேலை என்பதும் ஒரு கோரிக்கை. அப்பொழுது நான் பள்ளி மாணவன். வேலை இழந்தவர்களுடைய பிள்ளைகள் என்னோடு படித்தார்கள். அவர்களில் இருவர் அடுத்த ஆண்டு வகுப்புக்கு வரவில்லை. நீக்கப்பட்டவர்களில் மிகப் பலர் 1977இல் ஆட்சி மாறிய பின்னரே திரும்ப எடுக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் சரியா தவறா என்பதைப்பற்றி அறிஞர் இருபுறமும் பேசியிருக்கிறார்கள். தூங்காத ஓட்டுநரின் வண்டியில் நாம் ஏறலாமா என்பதில் இருபுறம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்காரர் அல்லாமலும் வண்டியைக் காதலிப்பவர் உண்டு. இங்கிலாந்தில் இயந்திரங்களின் எண்களைக் குறித்துக்கொள்வதற்கென்றே 1942இல் ஒரு சிறு நூல் வெளிவந்தது; சிறுவர் கூட்டம் கூட்டமாகக் குறிப்பேட்டோடு நடைமேடைகளில் நின்றார்கள். 1951இல் வேல்சு நாட்டில் மூடப்படவிருந்த டாலிலின் என்னும் சிற்றிருப்புப்பாதையை ஆர்வலர்களே ஊதியமின்றி நடத்தத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் அவ்வார்வம் குறைந்ததன்று. 1855இல் செய்யப்பட்ட 'எக்ஸ்பிரஸ்' என்னும் நீராவி இயந்திரத்தைப் பெரம்பூர்ப் பட்டறையார் செப்பனிட்டு 2010இல் மீண்டும் ஓடவிட்டார்கள். வரைபடம் ஒருபுறம் இருக்க, பழைய நீராவிக்காரரின் கைப்பழக்கமும் இல்லாமல் அத்தகைய வேலை ஆகாது.

ஆர்வலரும் தொழிலாளரும் சந்தித்தால் பிறக்கும் பேச்சு தனிச்சுவையுடையது. வண்டியின் வேகத்தைக் கடிகாரத்தாலேயே அறியும் முறையை அப்படித்தான் நான் கற்றேன். 12 மீட்டர்த் தண்டவாளப் பாதையில் 43 வினாடியில் எத்தனை முறை இணைப்போசை கேட்கிறதோ, அதுவே மணிக்கு அத்தனை கிலோமீட்டர். ஐம்பது முறை கேட்டால் 600 மீட்டர் கடந்ததாகும். அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 50 கிலோமீட்டர். சான்று வேண்டுவோர் தாளெடுத்துப் போட்டுப் பார்க்கலாம்; 43.2 வினாடி என்று கொண்டால் விடை பிசகாது.

இப்பொழுது அந்தக் கணக்கைப் போடப் பெரும்பாலும் இடமில்லை. 1990களின் பிற்பகுதி முதல் எங்கள் பக்கத்து மீட்டர் பாதைகள் அகலப்பாதைகளாயின. தண்டவாளங்களை நெடுந்தொலைவு ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், இணைப்போசை அடங்கிவிட்டது. பிரம்பு வளையமும் மறைந்தது. கீமேனின் நடை மட்டும் மறையவில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று காட்டும் சிறு கருவி ஒன்றையும் பல இடங்களில் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அண்மையில் திண்டிவனத்தில் ஓர் இளைஞரைக் கண்டேன். பட்டம் பெற்றவர், பாதை வேலையில் இருக்கிறார். அக்கருவியை எடுத்துக் காட்டினார். "நான் நடந்தேனா என்று இதற்குத் தெரியும் ஐயா; ஆணி இறுக்கமா என்று இதற்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சுத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒலக்கூர்ப் பக்கமாக நடந்தார்.