வீட்டுக் கடனும் பதிவுத் தபாலும்

(மகளிர் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வீடு கட்டக் கடன் பெறுவது எவ்வாறு என்பதைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் பன்முறை பேசியிருக்கிறோம். பெற்ற கடனைக் கட்ட இயலாமற் போனால் செய்ய வேண்டுவது யாது என்பதை மட்டும் பேசாது விட்டுவிட்டோம். அது நம் பிழையே. இன்று அதனைப் பேச விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு நாம் சுற்றுப்பயணம் சென்ற ஒரு சிற்றூரில், விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் வீட்டுக் கதவில் பாங்கியின் சுவாதீன அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கக் கண்டோம். தறி நின்றதால் எட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. பதிவுத் தபால் இருமுறை வந்ததாம். கையெழுத்திட்டு வாங்கினால்தான் வழக்கு என்று யாரோ சொல்லக் கேட்டு, இரண்டையும் திருப்பியனுப்பி விட்டார். “வாங்காத கடுதாசிக்கு நான் எப்படிங்க பொறுப்பு?” என்று நம்மையே வினவினார். தபாலை மறுத்தாலும் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். கதவில் ஒட்டியும் நாளேடுகளில் வெளியிட்டும் தெரிவிக்க விதிகள் இடந்தருகின்றன.

நீதிமன்றத்தில் வழக்கிடாமலேயே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தைப் பாங்கிகளுக்கு அளிப்பது 2002 ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக் கடனாகிறது. அதன்பின் 60 நாள் கெடுவுடன் அறிவிப்பு வரும். தொழிலாளி திருப்பியனுப்பியது இதனைத்தான். இதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், பாங்கி 15 நாட்களுக்குள் காரணங்கூறி விடையளித்தாக வேண்டும். கணக்கில் பிழையிருப்பின் சுட்டிக்காட்ட இதுவே தருணம்.

ஆயினும், 90 நாட்கள் ஆவதற்கு முன்னரே மேலாளரைக் காண்பது மேல். தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். அதற்கு விலையுண்டு. ஐந்து லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 6,610 ரூபாய். 15 ஆண்டாயின் சுமார் 5,375 ரூபாய். மாதச் சுமை குறைகிறது. ஆனால் மொத்தத்தில் 1,74,000 ரூபாய் அளவு கூடுதலாகக் கட்டுகிறோம். வேலையில்லாதவனுக்கு அதுவும் உதவியே. கந்து வட்டிக்கு வாங்கிப் பாங்கித் தவணையைக் கட்டுவதை மட்டும் நாம் ஒருபோதும் ஒப்போம்.

வீட்டை விற்றே தீரவேண்டும் என்றால் நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைப்பது, ஏலத்தினும் சாலச் சிறந்தது. அறிவிப்பு வந்தபின் பாங்கியின் எழுத்து மூலமான இசைவின்றி விற்கலாகாது. ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்தால் மிகுதி நமக்கு உரியது; குறைந்தால் எஞ்சிய தொகையை நம்மிடமே கேட்பார்கள்.

சுவாதீன நடவடிக்கையில் குறையிருப்பின் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் தீர்ப்பாயங்கள் உள்ளன. மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். முன்னர் ஏல நாள் வரையில் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்றிருந்தது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏல அறிவிப்பு வெளியாகுமுன் முழுத் தொகையும் செலவும் கட்டினாலன்றி அவ்வுரிமை இல்லை. ஏல நாள்வரை பொறுக்கலாம் என்று இன்னமும் எண்ணியிருப்போர் பலர்.

அத்தொழிலாளிக்கு 45 நாட்களில் பதினொன்றே எஞ்சியிருந்தன. மனைவியும் கூட்டுக் கடனாளி. மகளிருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராது இலவச வழக்கறிஞரை அளிக்கும் சட்டப் பணிகள் குழு, நீதிமன்ற வளாகத்திலேயே உள்ளது. அவ்வம்மையாரை அங்கு அனுப்பினோம். மக்கள் நீதிமன்றத்தில் இணக்கம் ஏற்பட்டு, அபராத வட்டி தள்ளப்பட்டது. அங்கே கட்டணமில்லை, ஆனால் அத்தீர்வின்மேல் மேல்முறையீடும் இல்லை. ஆதலின் கட்டக்கூடிய தொகைக்கே ஒப்பவேண்டும். அவர்கள் பசுக்கள் இரண்டையும் விற்று முதற்பகுதியைக் கட்டினர். மீதித் தவணைகள் இன்னும் உள்ளன.

அலுவலர் ஒரு கடிதம் எழுதினால் கடன் ரத்தாகும் என்று எண்ணி நம்மிடம் வருவோர் உண்டு. அவ்வதிகாரம் நமக்கில்லை. வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும், எந்த நாளுக்குள் எவரைக் காண்பது என்று குறித்துத் தரவும் இயலும். கடிதம் கொண்டு வந்திருப்போர் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.