ஐந்து சான்றுகளும் ஆறாவது எண்ணும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணிதமென்றதும் சபையிற் சிலர் வாசலை நோக்குவது வழக்கம். அஞ்சவேண்டாம், நாம் எடுத்துக்கொண்டது ஒரேயோர் எண். அது 4294967297. முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததோடு ஒன்றைக் கூட்டினால் இவ்வெண் கிடைக்கும். நானூற்று இருபத்தொன்பது கோடிக்கு மேற்பட்டது.

பிரான்சு தேசத்துத் துலூசு நகரில் நீதிமன்ற அலுவல் பார்த்துக்கொண்டே கணிதம் பயின்றவர் பெர்மா என்னும் பேரறிஞர். இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு தனித்தனி ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்பன வரும். ஐந்தும் முதன்மை எண்கள். தம்மாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதன. ஆகவே இவ்வரிசையில் வருவனவெல்லாம் முதன்மை எண்களே என 1640 இல் அவர் எழுதினார். நிறுவல் தமக்குக் கிட்டவில்லையென்பதையும் மறைத்தாரல்லர். வரிசையில் ஆறாவது, நாம் கூறிய எண்.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் சென்றன. 1732 இல் ஒயிலர் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர், இவ்வெண் 641 ஆல் வகுபடுமெனக் காட்டினார். ஈவு 6700417. அப்போது ஒயிலருக்கு வயது இருபத்தைந்து.

நீண்ட வகுத்தலின்றியே இதனை உணரலாம். 641 என்பது 625 உம் 16 உம் சேர்ந்தது; 625 ஐந்தின் நான்காம் வலு, 16 இரண்டின் நான்காம் வலு. மேலும், 640 என்பது ஐந்தை இரண்டின் ஏழாம் வலுவாற் பெருக்கியது. இனி 641 ஐ இரண்டின் 28 ஆம் வலுவாற் பெருக்குவோம். 625 தரும் பகுதி 640 இன் நான்காம் வலு; 16 தரும் பகுதி இரண்டின் 32 ஆம் வலு. இவற்றின் கூட்டுத்தொகை 641 இன் மடங்கு. 640 இன் நான்காம் வலுவில் ஒன்று குறைந்ததும் 641 இன் மடங்கே. 639, 641 இரண்டும் அதன் காரணிகளாதலின். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது நமது எண். மடங்கிலிருந்து மடங்கு போனால் மடங்கே எஞ்சும்.

ஆறாவது முதல் அடுத்தடுத்து 28 எண்கள் முதன்மையல்லவென இன்று நிறுவப்பட்டுள்ளன. 65537 க்குப் பின் இவ்வரிசையில் ஒரு முதன்மை எண்ணும் அகப்படவில்லை. அதனால் இனி ஒன்றுமே இல்லையென்று துணியலாமா? துணிந்தால், ஐந்தைக் கண்டு முடிவுகட்டியது போலவே இருபத்தெட்டைக் கண்டு முடிவுகட்டியவர்களாவோம். அதற்கும் நிறுவல் இல்லை.

அன்பர்களே, ஒயிலர் பெர்மாவைப் பழித்தாரல்லர். அவருடைய ஏடுகளை ஆழ்ந்து கற்றே அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பெரியோர் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது அவமதிப்பன்று. அச்சொல்லை மனத்திற் கொண்டவனே சோதிக்கப் புகுவான். இளைஞராகிய நாமோ, மனிதரைப் பற்றியும் ஊரைப் பற்றியும் ஐந்து சான்றுகூட வேண்டாது, இரண்டைக் கண்டதும் தீர்ப்புக் கூறுகின்றோம்.

வீடு சென்றதும் பென்சிலெடுத்து 6700417 ஐ 641 ஆற் பெருக்கிப் பாருங்கள். எமது சொல்லையும் அப்படியே நம்பவேண்டாம்.