கணித மேதையைத் தேடி வந்த சிறப்புகள்

(கோட்டூர்புரத்தில் நடைபெற்ற நம் அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழா கோட்டூர்புரத்தில் நடைபெறுவதால் இவ்வூரை ஒட்டிய ஒரு செய்தியை முதலில் கூறத் தோன்றுகிறது. இங்குள்ள பிர்லா கோளரங்கம் 1988ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் இராஜமோகன் என்னும் வானியல் அறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். அதற்கு 4130 என்ற எண்ணும் இராமானுஜன் என்ற பெயரும் வழங்கப்பட்டன. போளூர், ஆரணிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து இங்கே அமர்ந்திருப்போருக்கு அம்மலை அந்நியமானதன்று. அம்மலைமீதிருந்து கண்ட கோள் ஒன்று இன்று கும்பகோணத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையின் பெயரைத் தாங்கிக் கதிரவனைச் சுற்றி வருகிறது.

வானில் பெயர் எழுதப்பட்டவருக்கு மண்ணில் கிடைத்தவை எவை? கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். அவர் பிறந்த அதே 1887இல்தான் நம் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக அச்சேறியது. ஐயர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அவ்வூர்ச் சமணக் குடும்பத்தாரிடம் கேட்டுக் கேட்டே அந்நூலின் சமயக் கருத்துகளைத் தெளிந்தார். அவர் 1903இல் அக்கல்லூரியை விட்டுச் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் இராமானுஜன் அங்கே மாணவராகச் சேர்ந்தார்.

சேர்ந்தவர் நிலைக்கவில்லை. கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1912 மார்ச்சில் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். மறு ஆண்டு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியின் பாராட்டு வந்தபின், சென்னைப் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்திப் பட்டமில்லாத இவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. பின்னாளில் வந்த விருதுகள் அனைத்தையும்விட இந்த எழுபத்தைந்து ரூபாயையே நான் பெரிதாக மதிக்கிறேன். மேதை உயிரோடிருக்கையில், அவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில், விதியை விலக்கி வைத்து வந்த சிறப்பு அது.

1918இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. இந்தியருள் அவ்வுறுப்பினர் பதவியைப் பெற்ற இரண்டாமவர் அவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் கதை சற்றுக் கசப்பானது. அங்கே 1917இல் அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது மறுக்கப்பட்டது. நிறவேற்றுமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை உடனிருந்த லிட்டில்வுட் பின்னாளில் மறைக்காமல் சொன்னார். ராயல் சொசைட்டியின் உறுப்பினரை மறுத்தால் அது கல்லூரிக்கே இழுக்காகும் என்ற நிலை வந்த பிறகு, 1918 அக்டோபரில் கதவு திறந்தது. அதற்குள் அவர் நோயாளி.

இனி நான் கூறப்போவது நம் அவைக்கு மிகவும் உரிய செய்தி. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. அதற்கு நன்றி கூறி 1919 ஜனவரியில் பதிவாளருக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். தமக்குக் கிடைக்கும் தொகை தம் தேவைக்கு மிக அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்துத் தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், பெற்றோரற்ற பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு வேண்டினார். நாம் நால்வகைத் தானத்தில் சாஸ்திர தானம் என்று ஒன்றைப் போற்றுகிறோம். மிகுபொருள் விரும்பாமையை விரதமாகவே கொள்கிறோம். வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், அயல்நாட்டில் நோயுற்றிருந்த வேளையில், இவ்விரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் அவர் உயிர் நீத்தார். வயது 32.

அவருடைய மனைவியார் ஜானகி அம்மையாருக்கு அப்போது இருபத்தோரு வயது. பல்கலைக்கழகம் மாதம் இருபது ரூபாய் ஓய்வூதியம் அளித்தது. அம்மையார் தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்து நெடுங்காலம் வாழ்ந்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகப் பலர் சொல்லிச் சென்றனர், சிலை வரவில்லை. 1981இல் ஒரு நாளிதழ்ப் பேட்டியில், அந்தச் சிலை எங்கே என்று அம்மையார் கேட்டுவிட்டார். அக்கேள்வி அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஆஸ்கியின் காதில் விழுந்தது. அவர் பல நாட்டுக் கணித அறிஞர்களிடம் பொருள் திரட்டினார். கடவுச்சீட்டுக்காக எடுத்த ஒரு நிழற்படத்தைக்கொண்டு பால் கிரான்லண்டு என்னும் சிற்பி 1983இல் வெண்கல மார்பளவுச் சிலைகளை வடித்தார். அவற்றுள் ஒன்று அம்மையாரை அடைந்தது. அம்மையார் 1994இல் மறைந்தார். அஞ்சல்தலை 1962இலேயே வந்தாயிற்று. தேசிய கணித நாள் அறிவிப்பு 2011 டிசம்பர் 26 அன்று, இதே சென்னையில், பிரதமர் மன்மோகன் சிங்கால் வெளியிடப்பட்டது. இவை நீங்கள் அறிந்தவை, விரிக்கவில்லை.

நம்மவர் ஒருவரைப் பற்றியும் கூறவேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராசாரியர் கணிதசாரசங்கிரகம் என்னும் நூலை வடமொழியில் இயற்றினார். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாக எழுதியவர் அவர். பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகளுக்குப் பொது விதி தந்தவரும் அவரே. இந்நூலைச் சுவடிகளிலிருந்து ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மா. ரங்காசாரியர். அவர் ஒப்பிட்ட படிகளுள் ஒன்று மூடுபித்திரைச் சமண மடத்துச் சுவடியிலிருந்து எழுதி எடுக்கப்பட்டது. சென்னை அரசு அச்சகம் அதனை வெளியிட்ட ஆண்டு 1912. ஒரு மேதை துறைமுகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதே நகரில், ஆயிரத்து அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மற்றொரு மேதை அச்சேறினார்.

ஆசாரியருக்குச் சிலை கேட்க நான் வரவில்லை. மூடுபித்திரையில் யாரோ ஒருவர் ஏட்டைக் கறையான் அரிக்காமல் காத்ததால்தான் இன்று அவர் பெயரைச் சொல்கிறோம். நம் ஊர்களில், பரண்மேல் கிடக்கும் பெட்டிகளில், என்ன எழுதியிருக்கிறது என்று பாராத ஏடுகள் இன்னும் உள்ள வீடுகள் உண்டு. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் தடவவோ கழுவவோ முயலாமல், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஏடு எனக்கு வேண்டாம். அதில் இருப்பது என்னவென்று தெரிந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. துவர்ப்பு, கைப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு என்னும் ஆறு சுவைகளை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் இப்படியே ஆறு வரையிலும் சேர்த்தால் எத்தனை வகை வரும் என்று ஆசாரியர் கேட்கிறார். மூன்று மூன்றாகச் சேர்த்தால் இருபது. எல்லாவற்றையும் கூட்டினால் அறுபத்து மூன்று. எப்படி வந்தது என்பதை வீட்டில் போட்டுப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் உணவு கொள்ள வேண்டியவர்கள் நாம். பந்தியில் இலை போட்டாயிற்று என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இத்துடன் அமர்கிறேன்.