இழுத்தால் தெரியும் படம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மருந்து அட்டை, பெட்டி, லேபிள் அச்சடிப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் துறையின் தீராத தலைவலி போலிச் சரக்கு. மையால் அச்சடித்ததை மையாலேயே நகலெடுத்துவிடலாம். செமஸ்டர் நேரத்தில் ஜெராக்ஸ் கடையை நம்பியே பாஸ் செய்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை!

மையே இல்லாமல் அச்சடிக்க முடியுமா? முடியும். மயில் தோகையின் நீலமும் பச்சையும் சாயம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம் அது. அடுக்குகளின் இடைவெளி மாறினால் நிறமும் மாறும்.

பிரான்சின் காப்ரியேல் லிப்மன் 1891-லேயே இப்படி வண்ணப் புகைப்படம் எடுத்துக் காட்டினார். படலத்தின் பின்னால் கண்ணாடி போலப் பாதரசம். உள்ளே போகும் ஒளியும் திரும்பி வரும் ஒளியும் சேர்ந்து அடுக்கடுக்காகப் பதிந்துவிடும். இதற்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால், படம் பிடிக்க அதிக நேரமானதால் அந்த முறை நிலைக்கவில்லை.

2022-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதையே ரப்பர் போல இழுபடும் பாலிமர் படலத்தில் செய்தார்கள். படலத்தைப் பளபளப்பான அலுமினியத் தகட்டில் ஒட்டி, சாதாரண புரொஜெக்டரால் படத்தைப் பாய்ச்சினார்கள். சில நிமிடங்களில் பதிந்துவிட்டது. அடுக்கு இடைவெளி சுமார் 220 நானோமீட்டர் என்றால் சிவப்பு. 150 என்றால் நீலம். படலத்தை இழுத்தால் அது மெலிகிறது, இடைவெளி குறைகிறது, சிவப்பு நீலத்தை நோக்கி நகர்கிறது.

வேடிக்கை இனிமேல்தான். சிவப்பு ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் இடைவெளி இன்னும் கூடும். படம் அகச்சிவப்பில் பதியும். சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. இழுங்கள், மறைந்திருந்த படம் சிவப்பாக எழும்பி வரும். விட்டால் மறைந்துவிடும். இதை எந்த நகல் எந்திரமும் எடுக்க முடியாது.

தம்பி தங்கைகளே, போலியைப் பிடிக்கக் கருவிகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் மருந்துக் கடை வாசலில் நிற்கும் பாட்டியிடம் கருவி ஏது? அவர் கையில் இருப்பது இரண்டு விரல்தான். அந்த விரலுக்கே உண்மை தெரிய வேண்டும். அதற்கு இந்தப் படலம் நம் வெயிலைத் தாங்க வேண்டும், ஒரு மாத்திரை அட்டைக்குக் கட்டுப்படியாகும் விலையில் வர வேண்டும். அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. எடுத்துச் செய்யுங்கள்.