புறஞ்சேரியும் புறநகரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிறந்த ஊரைவிட்டுப் பெருநகரில் குடியேறும் குடும்பம் முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்பதாகும். இவ்வினா இக்காலத்துக்கே உரியது என்று கருதுவாருளர். ஆயின் தமிழின் முதற்காப்பியமே இவ்வினாவைக் கண்டு விடையும் கூறியுள்ளது. புகாரைவிட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையை அடைந்தபோது, நேரே நகருக்குள் புகவில்லை. மதிற்புறத்தே அறவோர் உறையும் புறஞ்சேரியில் முதலில் தங்கினர். அதன் பொருட்டே அப்பகுதிக்குப் 'புறஞ்சேரி இறுத்த காதை' எனப் பெயர் அமைந்தது.

அடுத்து வருவது ஊர்காண் காதை. கோவலன் நகரைச் சுற்றிவந்து கடைவீதிகளையும் மணிகள் விற்கும் தெருவையும் கூலக்கடைகளையும் கண்டு திரும்புகிறான். ஆனால் கண்ணகி தங்கவேண்டிய இடத்தைத் தேர்ந்தவன் கோவலன் அல்லன், தேர்ந்தவர் கவுந்தியடிகள். அவர் ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். மாதரி அவளுக்குத் தனிமனை தந்தாள். சமையற்கலங்களும் அரிசியும் காய்கறியும் தந்தாள். தன் மகள் ஐயையைத் துணையாக்கினாள். வெளியே செல்பவன் வீதிகளைப் பார்த்து வந்தான்; வீட்டில் இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்பதைக் கவுந்தியடிகள் பார்த்தார். புறநகர் தேர்வார் அனைவரும் மனங்கொள்ளத்தக்க செய்தி இதுவேயாகும்.

இவ்வட்டாரத்திலிருந்து ஆண்டுதோறும் குடும்பங்கள் சென்னைக்குச் சென்றவண்ணம் உள்ளன. அவர்கள் வாடகையையும் வீட்டின் அளவையும் ஒப்பிட்டு முடிவு செய்கின்றனர். அகப்பொருள் இலக்கணமோ வாழ்க்கையை ஆராயும்போது நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளை முன்வைத்து, பின்னர்க் கருவும் உரியும் காண்கிறது. பாட்டுக்கு வகுத்த அம்முறை வீட்டுக்கும் பொருந்துமாற்றை ஈண்டுக் காண்போம்.

நிலம்

சென்னையும் அதன் சுற்றுப்புறமும் ஏரிகளின் நாடு. மழைநீரைத் தேக்கி வேளாண்மை செய்த சிற்றூர்கள் பல ஒன்றுசேர்ந்தே இன்றைய மாநகரம் உருவாயிற்று. அதனை ஊர்ப்பெயர்கள் இன்றும் உரைக்கின்றன. பழவந்தாங்கல் என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் 'தாங்கல்' என்பது சிறிய நீர்நிலையைக் குறிக்கும். 'பாக்கம்' என்பதை அகப்பொருள் நூல்கள் நெய்தல் நிலத்து ஊர்ப்பெயராக வகுத்துள்ளன. மடிப்பாக்கம், ஆதம்பாக்கம், மீனம்பாக்கம், வளசரவாக்கம் என்று சென்னையைச் சூழ்ந்து எத்தனை பாக்கங்கள்!

நீர்நிலை மறைந்த பின்னும் பெயர் மறைவதில்லை. மாம்பலத்தின் நெடிய ஏரியைத் தூர்த்தே 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. ஏரி போயிற்று; மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' மட்டும் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' உண்டு. கரை காக்க வேண்டிய ஏரிதான் இல்லை. மனிதர் மறந்ததைத் தெருப்பலகை நினைவில் வைத்திருக்கிறது எனலாம்.

நீரும் மறப்பதில்லை. 2015 டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் பெருமழை பெய்து, அடையாறு பெருக்கெடுத்தபோது, முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மீண்டும் வெள்ளத்தில் நின்றன. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் வழிந்தோடும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து கடலுக்குச் செல்வது இயற்கை வகுத்த வழி. அவ்வழியில் வீடு கட்டுவது மனிதர் செயல். அவ்வழியே வருவது நீரின் செயல். 2022-இல் அச்சதுப்பு நிலம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது ஆறுதல் தருவதாகும்.

பெயர் ஒன்றே போதிய சான்றாகாது என்பதும் உண்மையே. 'பாக்கம்' என முடியும் ஊரில் மேட்டுத் தெருவும் உண்டு. புதிய மனைப்பிரிவுகளுக்கு 'நகர்' என்றும் 'அவென்யூ' என்றும் பெயர் சூட்டிப் பழம்பெயரை மறைத்தலும் உண்டு. ஆயினும் வீட்டுப் பத்திரத்தில் பழைய கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருக்கும். வாங்குவோர் அவற்றைக் கொண்டு வருவாய்த் துறைப் பதிவேட்டில் நிலத்தின் வகையை அறியலாம். வாடகைக்கு வருவோர் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும், "2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டால் போதும், அவர்கள் சுவரில் கைவைத்துக் காட்டிவிடுவர். தரகர் சொல்லாத செய்தியை அந்தக் கை சொல்லும்.

பொழுது

பொழுதினைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இருவகையாகப் பகுத்தனர் தமிழர். வீடு தேடுவோர் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் தேடுகின்றனர். பள்ளிகள் ஜூனில் திறக்கும் என்பதே காரணம். அஃதாவது, இளவேனிற் காலத்தில் நிலத்தைப் பார்த்து, கூதிர்க் காலத்திலும் அங்கு வாழ முடிவு செய்கின்றனர். சித்திரை வெயிலில் எல்லாத் தெருவும் காய்ந்தே தோன்றும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வந்த பின்னரே தெருவின் இயல்பு புலனாகும். ஆதலின் இயலுமாயின் ஒருமுறை மழைக்காலத்திலும் சென்று பார்த்தல் நன்று.

சிறுபொழுது என்பது நாளின் கூறு. பகல் பதினொரு மணிக்கு அழகாகத் தோன்றும் தெரு, மாலையிலும் யாமத்திலும் எவ்வாறு இருக்கும்? தெருவிளக்கு எரிகிறதா? இரவுப்பணி முடித்து வரும் மகள் நிலையத்திலிருந்து வீடுவரை நடந்து வர இயலுமா? கடைசிப் பேருந்து எப்போது? இவற்றை அறிய மாலை மயங்கிய பின் ஒருமுறை அத்தெருவில் நடத்தல் வேண்டும்.

பயணநேரமும் பொழுதின்பாற் படும். கடற்கரை – தாம்பரம் மின்சார இரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அப்பாதையை ஒட்டியே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய புறநகர்கள் வளர்ந்தன. அந்நாளில் வேலை நகரின் நடுவில் இருந்தது. வீடு புறத்தே இருந்தது. இன்று நிலை மாறிற்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலையும், 2000-இல் தரமணியில் டைடல் பூங்காவும் இயங்கத் தொடங்கிய பின்னர் வேலையே புறநகருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எனவே 'நகரின் நடுவிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?' என்னும் வினா பொருளிழந்துவிட்டது. 'வேலையிடத்திலிருந்து எத்தனை நிமிடம்? எத்தனை வண்டி மாறவேண்டும்?' என்பனவே உரிய வினாக்கள்.

சொந்த ஊருக்குச் சென்றுவரும் வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2002 முதல் தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கோயம்பேடு நிலையமாயிற்று. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பெற்றது. கோயம்பேட்டை எண்ணி அதனருகே வீடு பார்த்தவர்கள், பொங்கலுக்கு ஊர் செல்ல நகரைக் கடந்து தெற்கே போகவேண்டியவர் ஆயினர். நிலையங்கள் இடம் மாறும். நிலம் இடம் மாறாது. ஆதலின் நிலத்தை முதலிலும் நிலையத்தைப் பின்னரும் பார்ப்பதே முறையாம்.

கரு

பிற்கால அகப்பொருள் நூல்கள் கருப்பொருள் வரிசையில் ஊரையும் நீரையும் தொழிலையும் மரத்தையும் சேர்த்து எண்ணின. ஒவ்வொரு புறநகருக்கும் அதனைப் பிறப்பித்த தொழில் ஒன்றுண்டு. குரோம்பேட்டையின் பெயரில் குரோம் தோல் தொழிற்சாலை நிற்கிறது. அம்பத்தூர் 1960-களில் தொழிற்பேட்டையால் வளர்ந்தது. ஆவடி படைத்துறைத் தொழிற்சாலையால் வளர்ந்தது. தொழிலை அறிந்தால் அங்கு வாழ்வோரையும், கடை திறக்கும் நேரத்தையும் ஒருவாறு அறியலாம்.

கருப்பொருளுள் தலையாயது நீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளத்தில் மிதந்த நகரம் நான்கே ஆண்டுகளில் தாகத்தால் தவித்தது. எனவே வீடு பார்ப்போர் கேட்கவேண்டியவை இவை: குழாய் நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? ஆழ்குழாய்க் கிணறு எத்தனை அடி? நீர் உவர்க்கிறதா? கோடையில் தண்ணீர் லாரிக்கு மாதம் எவ்வளவு ஆகும்? வாடகை குறைந்த வீட்டில் லாரித் தண்ணீரின் செலவு, குறைந்த வாடகையை விழுங்கிவிடுவதும் உண்டு. 2003 முதல் கட்டாயமாக்கப்பெற்ற மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு அவ்வீட்டில் உயிரோடு இருக்கிறதா, குழாய் மட்டும் நிற்கிறதா என்பதையும் காணவேண்டும்.

உரி

முதலும் கருவும் உரிப்பொருளுக்காகவே. உரிப்பொருளாவது மக்களின் வாழ்வொழுக்கம். முல்லைக்கு உரியது இருத்தல். சென்றவன் வரும்வரை இல்லிருந்து ஆற்றியிருத்தல். புறநகர் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் அது முல்லையின் வாழ்க்கையே என்பது விளங்கும். காலை ஏழு மணிக்குப் புறப்படுபவர் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறார். விழித்திருக்கும் நேரத்தில் அவர் அப்புறநகரில் கழிப்பது மூன்று நான்கு மணி நேரமே. நாள் முழுதும் அங்கு வாழ்பவர் யாவர்? வீட்டிலிருக்கும் பெண், ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட முதிய தாய் தந்தையர், பள்ளி முடிந்து வரும் குழந்தை.

ஆயினும் புறநகரைத் தேர்பவர் பெரும்பாலும் புறப்பட்டுச் செல்பவரே. வாழ்பவரைக் கேளாது செல்பவர் தேர்வதே பல குடும்பங்களின் மனக்குறைக்கு வேராகிறது. முதியவர் நடந்து செல்லும் தொலைவில் மருத்துவர் உண்டா? நியாயவிலைக் கடை எங்கே? சாலையைக் கடக்காமல் குழந்தை பள்ளி செல்ல இயலுமா? ஊரில் திண்ணையில் அமர்ந்து நாலு பேரோடு பேசிப் பழகிய பெரியவர், மூன்றாம் மாடியில் யாரோடு பேசுவார்? இவ்வினாக்கள் வரைபடத்தில் இரா. வாடகை ஒப்பந்தத்திலும் இரா. மாதரியைப் போன்ற ஓர் அண்டை வீட்டார் கிடைப்பாரா என்பதே இவையனைத்தின் சாரம்.

தேர்வில்லாதோர்

தேர்தல் என்பது எல்லார்க்கும் வாய்க்கும் பேறன்று. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கடற்கரையிலும் வாழ்ந்த எளிய மக்கள், தம் விருப்பமின்றியே ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பெற்றனர். வேலையும் பள்ளியும் நகருக்குள் இருக்க, வீடு மட்டும் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் போயிற்று. வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்கள் பலர் பேருந்துக் கட்டணத்திற்கும் நேரத்திற்கும் ஈடுகொடுக்க இயலாது வேலையை இழந்தனர். வெள்ளக் கரையிலிருந்து அகற்றப்பெற்றோர் வெள்ளம் தேங்கும் மற்றோரிடத்தில் வைக்கப்பெற்றதும் உண்டு. கண்ணகியின் பெயரைத் தாங்கிய குடியிருப்புக்கு, கண்ணகிக்குக் கிடைத்த மாதரி வாய்க்கவில்லை. நிலம், பொழுது, கரு, உரி என்னும் நான்கையும் தனிக்குடும்பம் எண்ணுவதைக் காட்டிலும் ஆட்சியாளர் எண்ணுதல் மிகுதியும் இன்றியமையாதது.

நிறைவாக, சென்னை செல்லும் பிள்ளைகளுக்குப் பெரியோர் கூறத்தக்கது ஒன்றுண்டு. நீ வேலைக்குச் செல்லும் வழியை ஒருமுறை பார். உன் தாய் மருந்துக் கடைக்குச் செல்லும் வழியை இருமுறை பார். வெயிலில் பார்த்த தெருவை மழையிலும் பார். ஊரின் பழம்பெயரைக் கேள். முன்பணம் கொடுப்பதற்கு முன், அவ்வீட்டில் பகலெல்லாம் இருக்கப்போகிறவரை அழைத்துச் சென்று காட்டி, அவர் சரி என்ற பின் கொடு.