நாலு சென்ட் மனையும் நானும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு இடம் வாங்குவது எப்படி?" என்று சங்கச் செயலாளர் தலைப்புத் தந்தபோது, "அண்ணே, நான் மெக்கானிக்கல். சிவில்காரங்க யாரையாவது கூப்பிடுங்க" என்றேன். "நீ ஒரு தடவை மாட்டிக்கிட்டவன், நீதான் பேசணும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே மாட்டிக்கொண்ட கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2014ஆம் வருஷம். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. மதுரைக்கு வெளியே, நான்குவழிச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, புது மனைப்பிரிவு. ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள், பிரியாணிப் பொட்டலமும் உண்டு. சென்ட் 90,000 ரூபாய். நாலு சென்ட், 3,60,000. சேமிப்பு முழுவதையும் துடைத்துக் கொடுத்தேன். "அப்ரூவல் இருக்கா?" என்று கேட்காமல் இல்லை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், தனியாக அங்கீகாரம் தர ஊராட்சிக்கு அதிகாரமில்லை என்பது எனக்கு அன்று தெரியாது. ஐந்து லட்சம் ரூபாய் மிஷினுக்கு ஐம்பது பக்க ஸ்பெசிஃபிகேஷன் படித்துக் கையெழுத்துப் போடுகிறவன், என் சொந்தப் பணத்துக்கு ஒரு பக்கம் படிக்கவில்லை.

2016 நவம்பரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். மனையை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து மனைக்காரரே வாங்கிக்கொள்ளத் தயார். சார்பதிவாளர் அலுவலகத்தில், "அங்கீகாரம் இல்லாத மனை, பதிய முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாதென்று உத்தரவிட்டிருந்தது. போதாக்குறைக்கு நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டும் செல்லாமல் போயிற்று. அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. மீதியை அக்கா வீட்டுக்காரர் தந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா பிழைத்து எழுந்ததும், "மண்ணு எங்கடா போகும், இருக்கட்டும்" என்றார். மண் எங்கேயும் போகவில்லை. வேண்டிய நாளில் பணமாக வரவில்லை, அவ்வளவுதான்.

2017ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, இரண்டு வருஷம் அலைந்து, 2019ல் நாலேகால் லட்சத்துக்கு விற்றேன். கட்டிய கட்டணம், பத்திரச் செலவு எல்லாம் கழித்தால் ஐந்து வருஷத்தில் மிஞ்சியது ஒன்றுமில்லை. அஞ்சலகத்தில் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்கும்.

பணம் நிறைய உள்ளவருக்கு ஒரு மனை முடங்கினால் இன்னொன்று இருக்கும். நமக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதனால் "விலை ஏறுமா?" என்று கேட்பதற்கு முன்னால், "அவசரத்துக்கு ஒரு மாசத்தில் இதை விற்க முடியுமா?" என்று கேளுங்கள். விற்க முடிகிற இடம் என்றால், வாங்க வருகிறவருக்கு வங்கி கடன் கொடுக்கிற இடம். அதாவது காகிதம் சுத்தமான இடம்.

அந்தப் பாடத்தோடு 2021ல் மறுபடியும் தேடினேன். ஓரிடம் மிகவும் பிடித்திருந்தது. அரசு அனுமதி எண்ணும் கொடுத்தார்கள், எண் உண்மைதான். அனுமதி உத்தரவின் நகலை வாங்கி சர்வே எண்ணைப் பார்த்தால், அது அடுத்த வயலுக்கு உரியது! முதல் பகுதிக்கு வாங்கிய அனுமதியைக் காட்டி, அனுமதியே இல்லாத இரண்டாம் பகுதியை விற்கிறார்கள். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். அவர்கள் போட்டிருந்த செம்மண் ரோடு ஒரு வாய்க்கால் புறம்போக்கின் மேலேயே போகிறது. மழைக்காலமாக இருந்திருந்தால் படம்கூடத் தேவைப்பட்டிருக்காது. இடம் பார்க்க ஐப்பசி, கார்த்திகையில் போங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கடைசியில் வாங்கியது இரண்டேகால் சென்ட், ஏறக்குறைய 980 சதுர அடி, ஆறரை லட்சம். சின்ன இடம்தான். ஆனால் முப்பது வருஷ வில்லங்கச் சான்று போட்டு, மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்து, பட்டா யார் பெயரில் என்று பார்த்து, வக்கீலுக்கு நாலாயிரம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே முன்பணம் கொடுத்தேன். முந்தைய மனையில் பட்டா கடைசி வரை பழைய விவசாயி பெயரிலேயே மொத்தமாகக் கிடந்தது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இடம் சொந்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், உச்ச நீதிமன்றம் 2011லேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டதோடு நிற்காமல் அதிலும் சர்வே எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலர் மறந்துபோவது பத்திரச் செலவை. அன்று முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். ஆறரை லட்சத்துக்கு 71,500 ரூபாய். 2023 ஜூலையில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமானதால் மொத்தம் 9 ஆயிற்று. இதை வங்கி பொதுவாகக் கடனில் சேர்க்காது, கையிலிருந்துதான் போக வேண்டும். காலி மனை வாடகையும் தராது. ஆகவே கடன் வாங்கினால், ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைத்த பிறகு வாங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் சேருங்கள். "இந்த வாரம்தான் இந்த விலை" என்பார்கள். 2014லும் அதையேதான் சொன்னார்கள்.

முதல் சம்பளம் வாங்கப் போகிற தம்பி தங்கைகள், "எங்ககிட்ட ஆயிரம் ரூபாய்தான் இருக்கு" என்கிறீர்கள். ரீட் என்று ஒன்று இருக்கிறது. அலுவலகக் கட்டடங்களின் வாடகையில் பங்கு தரும் யூனிட்டுகள். நம் நாட்டில் முதலாவது 2019ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2021 முதல் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். விலை ஏறும், இறங்கும், ஆனால் விற்க சார்பதிவாளர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அதில் நான் வைத்திருப்பது கொஞ்சம்தான், கூடுதலாகப் புகழ மாட்டேன்.

அக்கா வீட்டுக்காரருக்குத் தர வேண்டியதை 2019லேயே தந்துவிட்டேன். அம்மாவின் வளையல்களும் திரும்பிவிட்டன. அந்த இரண்டேகால் சென்ட்டில் இப்போது அப்பா முருங்கை வைத்திருக்கிறார்.

சாப்பாட்டு இடைவேளையில் மெக்கானிக்கல் பிளாக் வேப்பமரத்தடியில் இருப்பேன். வாங்கப் போகும் இடத்தின் பத்திர நகல் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.