தலை போச்சு, தங்கம் போச்சா?

"மனிதனுக்கு மதிப்பு பதவியாலேதான்"னு எதிரணியிலே அடிச்சுப் பேசினாங்க.

1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பல காசுகளில் ஒரு பக்கம் பேரரசர் திபேரியுஸ் தலை. மறுபக்கம் செங்கோலோடு வீற்றிருக்கும் பெண் உருவம். எல்லாம் அதிகாரத்தின் அடையாளம்! ஆனா, பெரும்பாலான காசுகளில் ராஜா முகத்து மேலேயே ஒரு வெட்டு! தலை போச்சு, தங்கம் போச்சா? எடை குறையலையே!

உங்க ஊர் ஓமந்தூரார் 1947இல் சென்னை மாகாண முதல்வரானார். 1949இல் பதவியை விட்டு இறங்கினார். முத்திரை போச்சு, நேர்மைங்கிற தங்கம் போகலையே! இன்னிக்கும் ஓமந்தூர்னா அவர்தானே ஞாபகத்துக்கு வர்றார்!

பதவி வெறும் முத்திரை, நடுவர் அவர்களே, பண்புதான் தங்கம்!